ஔவை என்கிற பெயர்

தமிழ் இலக்கிய வரலாற்றில் ஒரே பெயரைப் பலர் சுமப்பது புதிய செய்தி இல்லை. சங்கத்தில் ஒரு நக்கீரர். இறையனார் களவியலுக்கு உரை கண்டவராகச் சொல்லப்படும் ஒரு நக்கீரர். பதினோராம் திருமுறையில் ஒரு நக்கீரதேவ நாயனார். கபிலருக்கும் பரணருக்கும் அதே திருமுறையில் இரண்டாம் பிறவி உண்டு. இவர்களையெல்லாம் நம் பேராசிரியர்கள் பிரித்துவிட்டார்கள். பாஷையைப் பார்த்து, யாப்பைப் பார்த்து, பாடப்படும் கடவுளைப் பார்த்து, இவர் வேறு அவர் வேறு என்று தீர்ப்பெழுதியாகிவிட்டது. வாசகனும் ஓரளவு ஏற்றுக்கொண்டான். (1965இல் வந்த திருவிளையாடல் படம் நக்கீரரை என்ன செய்தது என்பது வேறு கதை.) பிரித்த பிறகும் பிரியாமல் நிற்கிற பெயர் ஔவை.

குறைந்த பட்சம் மூன்று பேர் என்று கொள்ளலாம். தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சியைப் பாடியவர் ஒருவர். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி எழுதியவர் இன்னொருவர். கம்பரோடும் ஒட்டக்கூத்தரோடும் சேர்த்துக் கதைகள் இவரைச் சொல்கின்றன. மூலாதாரம், குண்டலினி என்று யோகப் பரிபாஷையில் பேசும் விநாயகர் அகவலையும் ஔவை குறளையும் மூன்றாமவரிடம் விட்டுவிடலாம். நாலு, ஆறு என்று எண்ணியவர்களும் உண்டு. எண்ணிக்கை எனக்கு முக்கியமாகப் படவில்லை. ஒருவர் அரசனுக்காகத் தூது போனவர், ஒருவர் பள்ளிப் பிள்ளைகளுக்கு நீதி எழுதியவர், ஒருவர் யோகி. காரியங்கள் வேறு, முதலாமவருக்கும் மற்றவர்களுக்கும் இடையே பல நூற்றாண்டுகள். ஆனாலும் ஔவை என்றதும் நம் மனசில் எழுவது ஒரே உருவம்: நரைத்த தலை, நெற்றி நிறையத் திருநீறு, கையில் கோல். இந்த உருவத்தினால் அதிகம் இழந்தவர் தகடூர்க்காரர்தான். என் வழக்கு அவருக்காக.

சங்கத் தொகைகளில் ஔவையார் பெயரில் 59 பாட்டு இருக்கிறது. புறநானூற்றில் 33, குறுந்தொகையில் 15, நற்றிணையில் 7, அகநானூற்றில் 4. இவற்றுக்குள் கோலூன்றிய கிழவியைத் தேடுகிறவன் ஏமாந்துபோவான். புறம் 89இல் எதிரி வேந்தன் அவளைப் பார்த்து, உங்கள் நாட்டில் போர் செய்கிறவர்கள் இருக்கிறார்களா என்று கேட்கிறான். அவன் கண்ணுக்குத் தெரிவது மை தீட்டிய கண்ணும் ஒளியுள்ள நெற்றியும் கொண்ட விறலி. இது புலவர் பூண்ட வேஷம், மரபான வர்ணனை என்று ஒருவர் சொல்லலாம். சரி, புறம் 92க்கு வருவோம். அர்த்தமோ காலமோ கூடாத குழந்தையின் மழலை தகப்பனுக்கு இனிப்பதுபோல என் பேச்சு உனக்கு இனிக்கிறது என்று அஞ்சியிடம் சொல்கிறாள். இந்த உறவில் அவள் மகள் ஸ்தானத்தில் இருக்கிறாள், அவன் தகப்பன். பாட்டி ஒருத்தி நாட்டை ஆளும் வீரனிடம் இந்த உவமையோடு போய் நிற்பாளா?

வேறு இரண்டு பாட்டுகளையும் சொல்ல வேண்டும். தொண்டைமானிடம் தூது போய் அவன் ஆயுதசாலையைப் பார்க்கிறாள். உன் ஆயுதங்கள் நெய் பூசி மாலை சூட்டிக் காவலுக்குள் அழகாக இருக்கின்றன, எங்கள் தலைவனுடையவை நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறாள். பாராட்டு மாதிரி வந்து முகத்தில் அறைகிற பேச்சு. இன்னொன்று அஞ்சியிடமே கோபித்துக்கொண்டது. பரிசில் தாமதமாகிறது; வாயில்காப்போனைக் கூப்பிட்டு, உன் தலைவனுக்குத் தன் தரமும் தெரியவில்லை, என் தரமும் தெரியவில்லை போலிருக்கிறது, தொழில் தெரிந்தவனுக்கு எந்தத் திசையிலும் சோறு உண்டு என்று மூட்டையைக் கட்டுகிறாள். புலவனின் சுயமரியாதை பற்றி நாம் பக்கம் பக்கமாக எழுதியாகிவிட்டது. அந்த வாயிலில் நின்று பேசிய குரலுக்கு இருக்கிற சூடு நம்மில் யாருக்கு வந்தது என்று யோசிக்கிறேன்.

இப்படி ஒரு ஆள் எப்படிப் பாட்டியானாள்? அச்சின் வரலாற்றைப் பார்த்தால் கொஞ்சம் புரிகிறது. உ.வே. சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்தது 1894இல். அதற்கு முன்னால் திண்ணைப் பள்ளிக்கூடங்களுக்கும் தமிழ் நாவலர் சரிதை, விநோதரசமஞ்சரி படித்தவர்களுக்கும் தெரிந்த ஔவை நீதிநூல் ஔவைதான். தனிப்பாடல்களில் சாமர்த்தியமாகப் பதில் சொல்லும் கிழவி. ஆக வரலாற்றில் பின்னால் வந்தவர் ஜனங்களின் மனசில் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார். புறநானூறு அச்சில் வந்தபோது அந்த நாற்காலி காலியாக இல்லை. புதிதாகக் கிடைத்த பழைய கவியைப் பார்த்து, இது யாரோ வேறொருத்தி என்று கேட்பதற்குப் பதிலாக, நம் பாட்டிக்கு இன்னும் சில பாட்டுகள் அகப்பட்டன என்று எடுத்துக்கொண்டோம்.

இதற்கு வசதியாக ஒரு நெல்லிக்கனி இருந்தது. புறம் 91இல், கனியின் பலனைச் சொல்லாமல் தன்னிடமே அடக்கிக்கொண்டு, சாவு நீங்க எனக்குக் கொடுத்தாய், நீ சிவனைப்போல நிலைத்திருப்பாயாக என்கிறாள். சிறுபாணாற்றுப்படையும் அதியனை அந்தக் கனியை வைத்தே ஞாபகப்படுத்துகிறது. பாட்டில் இது கொடுத்தவனின் பெருமை. பின்னால் இது கால ஆராய்ச்சிக்கு விடையாக மாறிவிட்டது என்பது என் யூகம். சங்க காலத்தில் இருந்தவள் கம்பன் காலத்திலும் எப்படி இருந்தாள்? நெல்லிக்கனி சாப்பிட்டவளாயிற்றே. ஒரே பெயரில் பலர் இருந்த சிக்கலைக் கதை ஒரு கனியால் தீர்த்துவிட்டது. நாயகனின் தியாகம், நாயகியின் நீண்ட ஆயுள், நூற்றாண்டுகளின் இடைவெளி மூன்றும் ஒரே வாயில் போய்விட்டன. பேராசிரியர்களின் காலக்கணிப்பைவிட இது நல்ல கதை; அதுதான் தொந்தரவு.

அஞ்சி செத்தபோது அவள் பாடிய இரங்கற்பாவில் (புறம் 235) முதலில் வருவது கள். கொஞ்சம் கிடைத்தால் எங்களுக்குக் கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாடக் கேட்டுக்கொண்டு கூடக் குடிப்பான் என்று நினைவுகூர்கிறாள். பிறகுதான் அவன் மார்பில் பாய்ந்த வேல் பாணர்களின் கலத்தையும் இரப்பவர் கையையும் புலவர் நாவையும் துளைத்துப் போன கதை. ஒரு பெண் ஓர் ஆண் நண்பனோடு குடித்த கள்ளை அவன் சாவின்போது நினைத்து அழுதிருக்கிறாள். பள்ளிப் பாட்டியோடு இதை எங்கே பொருத்துவது? இந்தத் தகடூர் மண் அன்றைய சேலம் ஜில்லாவில் சேர்ந்தது. 1937 அக்டோபர் 1ஆம் தேதி ராஜாஜி அரசு மதுவிலக்கைச் சென்னை மாகாணத்தில் முதலில் கொண்டுவந்த ஜில்லா அது. பாட்டு அச்சாகி அப்போது 43 வருஷம். வரலாற்றுக்கு இம்மாதிரி விளையாட்டுகள் பிடிக்கும்.

1953இல் ஜெமினியின் ஔவையார் வந்தது. எஸ்.எஸ். வாசன் தயாரிப்பு, கொத்தமங்கலம் சுப்பு இயக்கம், கே.பி. சுந்தராம்பாள் ஔவை. சுந்தராம்பாளின் குரலைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன். அந்தக் குரல் ஒரு தனி அதிகாரம். ஆனால் அந்த அதிகாரம் எல்லா ஔவைகளையும் ஒரே உடம்புக்குள் அடைத்துப் பூட்டிவிட்டது. 1968 உலகத் தமிழ் மாநாட்டுக்காகச் சென்னைக் கடற்கரையில் சிலைகள் வைத்தபோது ஔவைக்கும் ஒன்று வைத்தார்கள். எந்த ஔவைக்கு என்ற கேள்வி யாருக்கும் எழுந்ததாகத் தெரியவில்லை.

இதே தகடூரில் ஆண் பெயர்களுக்கு நேர்ந்ததைப் பாருங்கள். அங்கேயும் பெயர்க் குழப்பம் குறைவில்லை. அஞ்சியின் மகன் பொகுட்டெழினியை ஔவை பாடுகிறாள். தகடூர்ப் போரில் விழுந்த எழினியை அரிசில்கிழார் புறம் 230இல் பாடுகிறார். தகடூரை அழித்த பெருஞ்சேரல் இரும்பொறைக்குப் பதிற்றுப்பத்தில் எட்டாம் பத்துப் பாடியவரும் அதே அரிசில்கிழார்தான். விழுந்த எழினி யார், அஞ்சி எந்தப் போரில் மாண்டான் என்பதெல்லாம் வாதத்துக்கு உரியவை. தகடூர் யாத்திரை முழுசாகக் கிடைத்திருந்தால் தெளிந்திருக்கும், அதில் சில பாட்டுகளே மிஞ்சின. ஆனால் அரசர்களுக்குக் கல் இருந்தது. 1981இல் திருக்கோவலூருக்குப் பக்கத்தில் ஜம்பைக் குன்றில் ஒரு தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு கிடைத்தது. சதியபுதோ என்ற பட்டத்தோடு அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த பாளி என்கிறது. அசோகனின் பாறைக் கல்வெட்டு சோழ பாண்டியரோடு சேர்த்துச் சொல்லும் சதியபுத்ரர் யார் என்று வெகுகாலமாக நடந்த விவாதம் ஒரு வரியில் முடிந்தது. அஞ்சி கோவலூரை வென்றவன் என்பதற்குப் பாட்டில் ஏற்கெனவே சாட்சி உண்டு.

சுமார் ஆயிரம் வருஷம் கழித்து, மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில், தகடூரில் விடுகாதழகிய பெருமாள் என்று ஓர் அதிகைமான். போளூருக்குப் பக்கத்துத் திருமலையில், எழினி வைத்த இயக்கன் இயக்கி உருவங்களைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டு வைத்திருக்கிறான். எழினி என்றால் திரை. கூட இருக்கும் வடமொழிச் சுலோகம் அந்தப் பெயரை யவனிகா என்று மொழிபெயர்த்தே சொல்கிறது. இன்னும் வேடிக்கை, எழினியை வஞ்சிச் சேரர் குலத்தவனாக்கித் தன்னையும் அந்தக் குலத்தில் சேர்த்துக்கொள்கிறான். தகடூரை அழித்ததே சேரன். பெயர் ஒரு சொத்து. வாரிசு என்று வந்தவன் வேண்டிய மாதிரி பத்திரம் எழுதிக்கொண்டான். இருந்தும் வரலாற்றாசிரியன் அஞ்சியையும் விடுகாதழகியவனையும் ஒரே ஆளாக்கவில்லை. கவிக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை.

நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளையில் மாதையன் என்ற பெயரில் எத்தனையோ கணக்கு. தர்மபுரிப் பக்கம் மாதேசுவரன் மலைக்கு நேர்ந்துகொண்டு வைத்த பெயர்கள் அப்படித்தான். தகப்பன் பெயர், ஊர் இரண்டையும் வைத்துப் பிரிப்போம். அதுவும் ஒன்றாக வந்தால் கையெழுத்து. கணினி ஆளுக்கொரு எண் கொடுத்த பிறகும், பணம் கொடுக்குமுன் கண் கையெழுத்துக்குத்தான் போகிறது. விமர்சகன் செய்ய வேண்டியதும் ஏறக்குறைய இதுவே. கவியின் கையெழுத்து வாக்கிய அமைப்பில் இருக்கிறது. ஆத்திசூடியின் வினைச்சொல் பெரும்பாலும் ஏவல். எதிரே ஒரு குழந்தையை உட்காரவைத்துச் செய், செய்யாதே என்கிறது. தகடூர்க் கவியின் வாக்கியம் ஒரு சந்தர்ப்பத்துக்குள் நின்று பேசுகிறது. எதிரே அரசன், வாயில்காப்போன், எதிரி என்று குறிப்பான ஒரு ஆள் இருக்கிறான், அவனுக்கு முகம் இருக்கிறது. புறம் 187 இதற்கு விரோதமாகத் தோன்றும். மனிதர்கள் நல்லவர்களாக இருக்கிற இடத்தில் நிலமும் நல்லது என்கிற பாட்டு அது, பாடப்புத்தகத்துக்குப் பிடித்தமானது. அதிலும் அவள் நிலத்தைக் கூப்பிட்டு வாழ்த்துகிறாளே தவிர யாருக்கும் கட்டளை இடவில்லை.

இதனால் நீதிநூல் ஔவையைக் கீழே தள்ள வேண்டும் என்பதல்ல என் கட்சி. அகர வரிசையில் இரண்டு மூன்று சொல்லில் ஒரு வாக்கியம் அமைப்பது சாதாரணத் திறமை இல்லை. பாரதி புதிய ஆத்திசூடி எழுதியபோது கொள்கைகளை மாற்றினான், வடிவத்தை மாற்ற அவனுக்குத் தோன்றவில்லை. அவருக்கும் இந்த ஒட்டுவேலையால் நஷ்டம்தான். அவர் காலம் என்ன, எந்தக் குழந்தைகளுக்கு எழுதினார் என்று கேட்கவிடாமல் நித்தியப் பாட்டியாக்கிவிட்டது.

அவ்வை என்பது பெயர்தானா என்பதே சந்தேகம். இந்தப் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்களுக்கு அவ்வா பாட்டி. கன்னடக்காரர்களுக்கு அவ்வ தாய். மரியாதைக்குரிய பெண் என்கிற பொதுச்சொல் ஒரு கவியின் மேல் ஒட்டிக்கொண்டது. பின்னால் பாடிய பெண்களையெல்லாம், தங்கள் பெயரைச் சொல்லும் துணிவோ வசதியோ இல்லாதவர்களை, அந்தச் சொல் வாங்கி வைத்துக்கொண்டிருக்கலாம். அப்படியானால் அது ஒரு சத்திரம். வந்து தங்கியவர்களின் பெயர் பதிவாகவில்லை. கல்யாணத்துக்குத் தப்பப் பிள்ளையாரை வேண்டிக் கிழவியானாள் என்ற கதையையும் இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். காரைக்காலம்மையார் உடம்பை உதிர்த்துப் பேயானார். ஆண்டாள் அரங்கனோடு கலந்து மறைந்தாள். ஒரு பெண் தெருவில் நடந்து தன் வாயால் பேச வேண்டுமானால் முதலில் உடம்பைக் கொடுத்துவிட வேண்டும் என்று நம் கதைகள் விலை வைத்திருக்கின்றன. தகடூர்க்காரி அந்த விலையைக் கொடுத்தவள் இல்லை. பின்னால் வந்தவர்கள் அவள் கணக்கிலிருந்தும் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள்.

கதைக்கு உபயோகப்படாமல் தப்பியவை அவளுடைய அகப்பாட்டுகள், 26. பாட்டி காதல் பாட மாட்டாள் என்பதால் யாரும் அவற்றைத் தொடவில்லை. குறுந்தொகை 28இல் ஒரு பெண் தன் வேதனை தெரியாமல் தூங்குகிற ஊரைப் பார்த்து, மோதுவதா அடிப்பதா கத்துவதா என்று தெரியாமல் நிற்கிறாள். 91இல் தூக்கம் போன இரவுகளுக்கு அவள் எடுக்கிற உவமை அஞ்சியின் போர்முனையில் இருக்கிற ஊர். அங்கே ராத்திரியில் யார் தூங்குவார்கள்? அகத்தில் பாடியவளும் புறத்தில் பாடியவளும் ஒருத்திதான் என்பதற்கு அந்த உவமை எனக்குப் போதும். அகநானூறு 147இல் தலைவனைத் தேடிப் புறப்பட நினைக்கிற பெண், வெள்ளிவீதியைப்போல நானும் போய்விடலாமா என்கிறாள். வெள்ளிவீதியும் கவி. அவளைப் பேர் சொல்லியே தன் பாட்டில் வைத்திருக்கிறாள்.