நாயகப் பயண வாய்பாடும் தமிழ்க் கதைப்பாடல்களும்: முத்துப்பட்டன், மதுரைவீரன் கதைகளை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

தொன்மங்களிலும் மக்கள் வழக்குக் கதைகளிலும் இடம்பெறும் வீரர்களின் வாழ்வை ஒரே வாய்பாட்டுக்குள் அடக்கும் முயற்சி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் நடைபெற்று வருகிறது. அவ்வாய்பாட்டைத் தமிழ்க் கதைப்பாடல்களோடு பொருத்திப் பார்க்கும்போது, அதனுடன் நன்கு இயைந்துவரும் பிறப்புப் பகுதியே அக்கதைகளின் பிற்கால அடுக்காக அமைவதை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது.

திறவுச்சொற்கள்: நாயகப் பயணம், கதைப்பாடல், முத்துப்பட்டன், மதுரைவீரன், நடுகல், பாடவேறுபாடு.

முன்னுரை

வீரன் ஒருவன் ஊரை விட்டு நீங்குகிறான், சோதனைகளைக் கடக்கிறான், பெற்ற பேற்றோடு ஊர் திரும்புகிறான். இம்மூன்று நிலைகளே உலகக் கதைகள் அனைத்திற்கும் அடிப்படை என்பது ஜோசப் கேம்பல் 1949இல் வெளியிட்ட ‘ஆயிரம் முகங்கள் கொண்ட நாயகன்’ என்னும் நூலின் கருத்து. தமிழ் ஆய்வுகளிலும் இவ்வாய்பாட்டைக் கருவியாகக் கொள்ள இயலும். எனினும் ஒரு கதை வாய்பாட்டுக்குப் பொருந்துகிறது என்று காட்டுவதோடு ஆய்வு நிறைவடைந்துவிடுமா, பொருந்தும் உறுப்பு அக்கதைக்குள் எப்போது, எதன்பொருட்டு வந்தது என்பதையும் ஆராய வேண்டுமா என்பது சிந்திக்கத்தக்கது.

வாய்பாட்டின் வரலாறு

1876இல் ஜெர்மானிய அறிஞர் ஃபான் ஹான், வீரர் கதைகளில் கைவிடப்படுதலும் மீள்வருகையும் திரும்பத் திரும்ப வருவதைத் தொகுத்துக் காட்டினார். 1909இல் ஓட்டோ ராங்க் வீரனின் பிறப்பை உளப்பகுப்பாய்வு நோக்கில் விளக்கினார். உயர்குடியில் பிறந்த குழந்தை கைவிடப்பட்டு, எளியவராலோ விலங்குகளாலோ காக்கப்பட்டு, பின்னர்த் தன் உரிமையைப் பெறுவது அவர் கண்ட அமைப்பு. விளாதிமிர் பிராப் 1928இல் ருசிய மாயக்கதைகளில் 31 செயற்கூறுகளை வகுத்தார். 1936இல் ராக்லன் பிரபு வீரனின் வாழ்வை 22 கூறுகளாகப் பட்டியலிட்டார். கேம்பலின் மூன்று நிலைகளோ, ஃபான் கெனப் 1909இல் வாழ்வியல் சடங்குகளுக்கு வகுத்த பிரிதல், இடைநிலை, இணைதல் என்னும் பகுப்பின் விரிவாக்கமாகும்.

கேம்பல் பல பண்பாட்டுக் கதைகளின் துண்டுகளை இணைத்தே தம் வாய்பாட்டை உருவாக்கினார். முழுச் சுழற்சியையும் ஒரே கதையில் காட்டவில்லை. நாட்டார் வழக்காற்றியலாளர் ஆலன் டண்டிஸ் இக்குறையைச் சுட்டிக்காட்டியுள்ளார். ஒவ்வொரு கதைக்கும் அதற்கே உரிய பாட வரலாறு உண்டு என்பதே இத்தகைய தொகுப்பு முறையில் மறைந்துபோகிறது.

முத்துப்பட்டன்: பயணமும் பாடமும்

பிராமணனாகிய முத்துப்பட்டன், மாட்டுக்கிடை காக்கும் அருந்ததியர் வாலப்பகடையின் மகளிரான பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணக்க விரும்புகிறான். தமையன்மார் எதிர்க்கின்றனர். பூணூலையும் குடுமியையும் களைந்து, செருப்புத் தைக்கும் தொழிலை ஏற்றால் பெண் தருவதாக வாலப்பகடை கூறுகிறார். முத்துப்பட்டன் அவ்வாறே செய்து மருமகனாகிறான். பின்னர் ஆநிரை கவர வந்தவர்களோடு போரிட்டு வென்றும், மறைந்திருந்த ஒருவனால் குத்தப்பட்டு இறக்கிறான். மனைவியர் இருவரும் உடன் தீப்பாய்கின்றனர்.

கேம்பலின் முதல் இரண்டு நிலைகளும் இங்கே தெளிவாக உள்ளன. மூன்றாவதான மீள்வருகை மட்டும் இல்லை. புறப்பட்ட சமூகத்திற்கு முத்துப்பட்டன் மீண்டும் செல்லவே இல்லை. செல்லாமையே கதையின் உயிர்.

பேராசிரியர் நா. வானமாமலை இக்கதையைப் பதிப்பித்தபோது பாடவேறுபாடு ஒன்றைக் கவனப்படுத்தினார். சில பாடங்களில் பொம்மக்காவும் திம்மக்காவும் பிராமணக் குலத்தில் பிறந்து, காட்டில் விடப்பட்டு, வாலப்பகடையால் வளர்க்கப்பட்டவர்களாக மாற்றப்பட்டுள்ளனர். சாதி கடந்த மணத்தை ஏற்க இயலாதவர்கள் செய்த மாற்றமே இது என்பது அவர் கருத்து. உயர்குடிப் பிறப்பு, கைவிடப்படுதல், எளியவர் வளர்த்தல் என ராங்க் வகுத்த அமைப்பு இப்பாடங்களில் அப்படியே காணப்படுகிறது. வாய்பாட்டை மட்டும் கைக்கொண்டு நோக்குபவர் இதனைத் தொன்மையான உலகப் பொதுக்கூறு என்றே கொள்வர். பாட வரலாற்றை நோக்கினால் இது சாதி ஒழுங்கைக் காக்கவந்த இடைச்செருகல் என்பது புலனாகும்.

மதுரைவீரன்: பிறப்பும் இறப்பும்

மதுரைவீரன் காசி மன்னனுக்கு மகனாகப் பிறந்து, கழுத்தில் கொடிசுற்றிப் பிறந்த தீக்குறியால் காட்டில் விடப்பட்டு, அருந்ததியர் குடும்பத்தில் வளர்ந்ததாகக் கதை கூறுகிறது. பொம்மியை மணந்த அவன், மதுரையில் கள்ளரை அடக்கிய பின்னரும், வெள்ளையம்மாள்பொருட்டு மாறுகால் மாறுகை வாங்கப்பட்டு இறக்கிறான். விசயரங்க சொக்கநாதர் (1706–1732), திருமலை நாயக்கர் (1623–1659) ஆகிய இருவரையும் சமகாலத்தவராக்கும் இக்கதை, பல காலங்களின் அடுக்குகளைக் கொண்டது. 1956இல் எம்.ஜி.ஆர். நடித்து வெளிவந்த திரைப்படமும் அரசகுலப் பிறப்பைத் தக்கவைத்துக்கொண்டது.

அரசகுலப் பிறப்பை நீக்கினாலும் வழிபாட்டுக்குக் குறைவில்லை. அநீதியான இறப்பை நீக்கினால் வழிபாடே இல்லை. எனவே இக்கதையின் அச்சு இறப்பே எனலாம். வில்லுப்பாட்டை ஆராய்ந்த ஸ்டூவர்ட் பிளாக்பர்னின் முடிவும் இதற்கு அரண் செய்கிறது. வன்முறை இறப்பும் தெய்வமாதலும் வட்டார அளவில் கதையின் கருவாக அமைகின்றன. கதை பரவும்போதே தெய்வீகப் பிறப்பு முன்னால் சேர்கிறது என்பது அவர் காட்டும் வளர்ச்சிமுறை. கதையில் முதலில் நிற்பது, வரலாற்றில் பின்னர் வந்ததாகிறது.

நடுகல் மரபும் மீள்வருகையும்

மீள்வருகை இக்கதைகளில் முற்றிலும் இல்லை என்பதும் பொருந்தாது. அது வீரனின் செயலாக அமையாமல் மக்களின் செயலாக அமைகிறது. தொல்காப்பியப் புறத்திணையியல் காட்சி முதல் வாழ்த்து ஈறாக நடுகல்லுக்கு ஆறு நிலைகளை வகுக்கிறது. அவை அனைத்தும் வீரன் இறந்த பின்னர் மற்றவர் நிகழ்த்துபவை. ஆநிரை காத்து இறந்த முத்துப்பட்டன் இம்மரபின் நேர் வழித்தோன்றல். பாபநாசம் மலையிலுள்ள சொரிமுத்து ஐயனார் கோயிலில் பட்டவராயனாக வழிபடப்பெறும் அவனுக்கு மக்கள் இன்றும் செருப்பைக் காணிக்கையாகச் செலுத்துகின்றனர். பிறப்பைத் திருத்திய பாடங்களால் இக்காணிக்கையை அகற்ற இயலவில்லை. ஏட்டில் மாற்றப்பட்டதைச் சடங்கு காத்து நிற்கிறது.

முடிவுரை

நாயகப் பயண வாய்பாடு ஒப்பீட்டுக்குப் பயன்படும் கருவியே. ஆயினும் அதனைக் கதையின் மூலவடிவமாகக் கொள்வது, கதையைத் திருத்தியவர்களின் பக்கம் நிற்பதாக முடியும். பொருத்தம் காணப்படும் இடத்தில் பாட வரலாற்றையும், பொருத்தம் முறியும் இடத்தில் வழிபாட்டு மரபையும் இணைத்து ஆராய்தல் வேண்டும். அவ்வாறு ஆராயும்போதே, கொல்லப்பட்டவர்களை மறக்க மறுத்த மக்களின் நினைவாகக் கதைப்பாடல்கள் தம் முழுப் பொருளோடு வெளிப்படும்.