விஸ்வேஸ்வரய்யாவும் எங்க ஊர் வாய்க்காலும்

செப்டம்பர் 15 வந்தால் நம்ம சிவில் டிபார்ட்மெண்டில் தலைப்பாகை கட்டிய அந்தப் பெரியவரின் படத்துக்கு மாலை போட்டு, லட்டு கொடுத்து, பொறியாளர் தினம் கொண்டாடுவோமே, ஞாபகம் இருக்கிறதா? எனக்கு அந்த லட்டு எப்போதும் கொஞ்சம் கசக்கும். நான் டெல்டாக்காரன். ஜூன் 12ல் மேட்டூர் திறப்பார்களா மாட்டார்களா என்பதுதான் எங்க வீட்டில் வருஷா வருஷம் பேச்சு. "மேலே கட்டி வச்சிருக்கான் பாரு" என்று தாத்தா திட்டுகிற கண்ணம்பாடி அணையை ஆரம்பித்தவரே இவர்தான்!

படிப்பு முடிந்து மூணு கம்பெனி மாறி, "உன் லைன் என்னப்பா?" என்று சொந்தக்காரர்கள் கேட்க ஆரம்பித்த பிறகுதான் அவருடைய வேலைச் சரித்திரத்தை உட்கார்ந்து படித்தேன். மனுஷன் ஒரு லைனிலா இருந்தார்! 1884ல் பம்பாய் மாகாணப் பொதுப்பணித்துறையில் உதவிப் பொறியாளர். அப்புறம் சிந்து நதிக்கரையில் சுக்கூர் நகரத்துக்குக் குடிநீர். தக்காணத்தில் தண்ணீரை முறை வைத்து விடும் பாசனத் திட்டம். 1903ல் புனே அருகே கடக்வாஸ்லாவில் தானியங்கிக் கதவுகள். நீர்மட்டம் அளவைத் தாண்டினால் ஆள் தொடாமல் தானே திறக்கும், குறைந்தால் தானே மூடிக்கொள்ளும். ஏடனுக்கும் போய்க் குடிநீர்த் திட்டம் பார்த்தார். 1908ல் பம்பாய் வேலையை விட்டார். அதே வருஷம் செப்டம்பரில் மூசி வெள்ளம் ஹைதராபாத்தைப் புரட்டிப் போட, நிஜாம் அரசு அவரை அழைத்தது. ஊருக்கு மேலே நீரைத் தேக்கினால்தான் ஊர் பிழைக்கும் என்றார். உஸ்மான் சாகரும் ஹிமாயத் சாகரும் அந்த யோசனையில் எழுந்தவை.

1909ல் மைசூரின் தலைமைப் பொறியாளர், 1912ல் திவான். கண்ணம்பாடி வேலை 1911ல் தொடங்கியது. சிமெண்ட் இல்லை, சுண்ணாம்பும் செங்கல் பொடியும் கலந்த சுர்க்கிக் காரையில் அந்த நீளமான கல் அணை எழுந்தது. இங்கேதான் சிக்கல். முதலில் கிடைத்த அனுமதி சுமார் 11 டி.எம்.சி. தேக்கும் அணைக்கு. அஸ்திவாரம் போட்டதோ 41 டி.எம்.சி. அளவுக்கான பெரிய அணைக்கு! சென்னை மாகாணம் ஆட்சேபித்தது. 1914ல் நடுவர் தீர்ப்பு மைசூர் பக்கம் வந்தது, சென்னை விடவில்லை, மேல்முறையீடு போனது. கடைசியில் 1924ல் ஒப்பந்தம்.

பொறியாளனாகப் பார்த்தால் அவர் செய்ததை நானும் செய்திருப்பேன். பின்னால் உயர்த்த வேண்டியது என்று தெரிந்தே குறுகிய அஸ்திவாரம் யார் போடுவான்? டெல்டாக்காரனாகப் பார்த்தால், கேட்டது ஒன்று, கட்டினது ஒன்று. இரண்டும் உண்மைதான்.

ஆனால் தாத்தா சொல்லாத ஒன்றும் இருக்கிறது. கண்ணம்பாடியை ஒப்புக்கொண்ட அதே 1924 ஒப்பந்தம்தான் நமக்கு மேட்டூரையும் கொடுத்தது. 1925ல் ஆரம்பித்து 1934ல் திறந்த மேட்டூரின் கொள்ளளவு 93 டி.எம்.சி.க்கும் மேல், கண்ணம்பாடியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. சண்டை மட்டும் தீரவில்லை. 1990ல் நடுவர் மன்றம், 2007ல் இறுதித் தீர்ப்பு, 2018ல் உச்ச நீதிமன்றம் நமக்கு 404.25 டி.எம்.சி. என்றது.

இன்னொரு விஷயத்தில் அவரோடு எனக்குச் சமாதானமே இல்லை. அரசு வேலையில் பிற்படுத்தப்பட்டோருக்கு இடம் ஒதுக்கும் பேச்சு மைசூரில் வந்தபோது, தகுதி கெடும் என்று எதிர்த்தார். 1918ல் திவான் பதவியை விட்டே விலகினார். இட ஒதுக்கீடு இல்லாவிட்டால் நம்மில் பலர் இந்தக் காலேஜ் கேட்டைத் தாண்டியிருக்க மாட்டோம். எனக்கு சீட் கிடைத்ததும் அப்படித்தான். தண்ணீரை மேட்டிலிருந்து பள்ளத்துக்குக் கொண்டுபோகத் தெரிந்தவருக்கு இது பிடிபடாமல் போனது எனக்கு இன்னும் புதிர்தான்.

விலகிய பிறகும் சும்மா இருக்கவில்லை. பத்ராவதி இரும்பு ஆலை, இந்தியாவுக்குத் திட்டமிட்ட பொருளாதாரம் என்று 1934ல் ஒரு புத்தகம், 1955ல் பாரத ரத்னா. நூறு வயதைத் தாண்டி 1962ல் காலமானார்.

போன வருஷம் மைசூர் போனபோது கண்ணம்பாடிக்கும் போனேன். அணையைப் பார்த்துவிட்டு அப்பாவுக்குப் போன் போட்டேன். எப்படிடா இருக்கு என்றெல்லாம் கேட்கவில்லை. "தண்ணி எத்தனை அடி நிக்குது?" என்றுதான் கேட்டார்.