கை வைச்சது ஆர்? அமெரிக்க மசில் கார்களின் விலை வரலாறு

2020 ஜனவரி 10. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் கிசிமி என்ற ஊரில் ஒரு பழைய கார் ஏலத்துக்கு வருகிறது. 1968ஆம் ஆண்டு மொடல் போர்ட் மஸ்டாங், கடும்பச்சை நிறம். பெயின்ற் மங்கிப்போய், அங்கங்கே துருவும் நெளிவும் தெரிகிறது. முன்பக்கத்தில் இருக்கவேண்டிய குதிரைச் சின்னத்தைக் காணவில்லை. ஸ்பிரிங்கும் ஷொக் அப்சோபரும் தொழிற்சாலை பூட்டியவை இல்லை. அடிப்பக்கத்தில் இரும்புத் துண்டுகள் ஒட்டப்பட்டிருக்கின்றன. ஏலம் 34 இலட்சம் டொலரில் முடிந்தது. கட்டணத்தோடு 37 இலட்சத்து 40 ஆயிரம். அதுவரை எந்த மஸ்டாங்கும் ஏலத்தில் இந்த விலைக்குப் போனதில்லை.

இப்ப இன்னொரு மஸ்டாங்கை நினைத்துப் பாருங்கோ. அதே ஆண்டு, அதே எஞ்சின். 1970களில் ஒரு தொழிலாளி வீட்டுப் பெடியன் வாங்கி, ஸ்பிரிங்கை மாத்தி, சின்னத்தைக் கழட்டி, அடிப்பக்கத்தில் எதையோ ஒட்டி வைத்த கார். அதை விக்கப் போனால் வாங்க வருகிறவர் முதலில் சொல்வது, “கை வைச்ச கார்தானே, விலையைக் குறையுங்கோ” என்பதுதான். இரண்டிலும் நடந்தது ஒரே வேலை. ஒன்றில் அது விலையை ஏத்துகிறது, மற்றதில் இறக்குகிறது. இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்பதுதான் எங்கட கேள்வி. அதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

1932இல் போர்ட் கொம்பனி சாதாரண ஆக்கள் வாங்கக்கூடிய விலையில் எட்டு சிலிண்டர் ‘வீ-8’ எஞ்சினைக் கொண்டுவந்தது. சில வருசத்தில் அந்தக் கார்கள் பழசாகி, கையில் அதிகம் காசில்லாத கலிபோர்னியாப் பெடியளின் கைக்கு வந்தன. அவர்கள் மட்காட்டைக் கழட்டினார்கள், பாரத்தைக் குறைத்தார்கள், எஞ்சினைத் திறந்து வேலை செய்தார்கள். முரொக் போன்ற வற்றிய ஏரிப் படுகைகளில் ஓட்டிப் போட்டி வைத்தார்கள். 1937இல் அந்தப் போட்டிகளை ஒழுங்குபடுத்த ஒரு சங்கமே உருவானது. இரண்டாம் உலகப் போர் முடிந்து, இராணுவத்தில் இயந்திர வேலை பழகிய இளைஞர்கள் ஊர் திரும்பியபோது இது இன்னும் பெருகியது. இப்படிக் கைவைத்த கார்களுக்கு ‘ஹொட் ரொட்’ என்று பெயர். அந்தப் பெயரிலேயே 1948 ஜனவரியில் ஒரு இதழும் வெளிவந்தது.

சின்னக் காருக்குள் பெரிய எஞ்சின் என்ற யோசனை இந்தக் கொட்டில்களிலும் கராஜ்களிலும்தான் வளர்ந்தது. டெட்ரோயிட்டின் பெரிய கொம்பனிகள் அதைப் பார்த்துப் படித்தன.

படித்த விதமும் சுவாரசியமானது. ஜெனரல் மோட்டர்ஸ் தன்னுடைய நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் பூட்டக்கூடாது என்று விதி வைத்திருந்தது. அதன் பொன்டியாக் பிரிவில் இருந்த ஜோன் டிலோரியனும் கூட்டாளிகளும் விதியில் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். புதுக் கார் என்று சொன்னால்தானே தடை? ஏற்கெனவே இருந்த டெம்பெஸ்ட் லெமான் காருக்கு, ஏறத்தாழ 300 டொலர் கூடக் கொடுத்தால் கிடைக்கும் ஒரு மேலதிகத் தெரிவாக 389 கன அங்குல எஞ்சினைப் போட்டார்கள். 1964ஆம் ஆண்டின் ‘ஜி.ரி.ஓ.’ இப்படித்தான் பிறந்தது. 5,000 கார் விற்றால் போதும் என்று நினைத்தார்கள். 32,000க்கு மேல் விற்றது. பலர் இதைத்தான் முதல் மசில் கார் என்பார்கள். ஆக, மசில் கார் பிறக்கும்போதே கை வைச்ச கார். கை வைத்தது கொம்பனி என்பதுதான் வித்தியாசம்.

கொம்பனி விட்டதை விற்பனை முகவர்கள் செய்தார்கள். பென்சில்வேனியாவில் செவ்ரோலெட் கார் விற்ற டொன் யென்கோ, கமாரோவின் எஞ்சினைக் கழட்டி 427 கன அங்குல எஞ்சினைப் பூட்டி விற்றார். அவருடைய பட்டறை தொழிற்சாலை இல்லை. ஆனால் இன்று ஏலத்தில் ‘யென்கோ கமாரோ’ என்றால் விலை பறக்கும்.

இந்தக் கொண்டாட்டம் பத்து வருசம்கூட நிலைக்கவில்லை. இளம் சாரதிகளிடம் காப்புறுதிக் கொம்பனிகள் கூடுதல் கட்டணம் கேட்கத் தொடங்கின. 1970இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. 1971இல் ஜெனரல் மோட்டர்ஸ் எஞ்சின்களின் அழுத்த விகிதத்தைக் குறைத்தது. 1973 ஒக்ரோபரில் அரபு நாடுகள் எண்ணெய்த் தடை போட்டதும் பெற்றோல் நிலையங்களில் வரிசை நீண்டது. பெற்றோலைக் குடிக்கும் பெரிய எஞ்சின் கார் ஒருவருக்கும் வேண்டாத சாமானாகியது.

எங்களைப் பொறுத்தவரை இந்தக் கதையின் முக்கியமான காலம் இதுதான். வேண்டாத சாமான் என்றபடியால்தான் அவை மலிந்தன. மலிந்தபடியால் காசில்லாத இளைஞர்கள் வாங்கினார்கள். எஞ்சின் பழுதானால் கிடைத்த வேறு எஞ்சினைப் பூட்டினார்கள். பின்பக்கத்தை உயர்த்தி அகல ரயர் போட்டார்கள். தகட்டை வெட்டினார்கள், பிடித்த நிறம் அடித்தார்கள். எதிர்காலத்தில் அருங்காட்சியகம் கேட்கும் என்று அவர்கள் நினைத்திருக்க நியாயமில்லை. அவர்களுக்கு அது வேலைக்குப் போகிற வாகனம், சனிக்கிழமை இரவுச் சந்தோசம். வேண்டாமென்று எறியப்பட்ட பல கார்கள் நொருக்கும் இயந்திரத்துக்குப் போகாமல் தப்பியதும் இந்தக் கைகளால்தான்.

பிறகு காலம் திரும்பியது. 1960களில் 18 வயதில் ஷோரூம் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தவர்கள், 1980களில் காசுள்ள நடுவயதுக்காரர் ஆனார்கள். அவர்கள் தேடியது அன்று கண்ணாடிக்குள் கண்ட அதே காரை. அவர்களோடு சந்தைக்கு வந்த சொல்தான் ‘இலக்கப் பொருத்தம்’. அதாவது காரின் அடையாள இலக்கமும் எஞ்சின், கியர்பொக்ஸ் ஆகியவற்றில் பொறித்த இலக்கமும் ஒத்துப்போக வேண்டும். அப்படி ஒரு அசல் காருக்கு எவ்வளவு கொடுப்பார்கள்? தொழிற்சாலை மிகக் கொஞ்சமாகச் செய்த 1971 பிளைமத் ஹெமி குடா திறந்த கார்களில் ஒன்று 2014இல் 35 இலட்சம் டொலருக்குப் போனது.

அசலுக்கு இப்படி விலை ஏறினால் போலி வராமல் இருக்குமா? இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. 1964, 65ஆம் ஆண்டு ஜி.ரி.ஓ. ஒரு மேலதிகத் தெரிவு மட்டும்தானே, ஆகவே அதன் அடையாள இலக்கத்தில் அது ஜி.ரி.ஓ. என்பதற்கு ஒரு அறிகுறியும் இல்லை. முதல் மசில் கார் தன்னை நிரூபிக்கப் பழைய கொம்பனிக் கடதாசியைத்தான் நம்பவேண்டும். வாங்க வருகிறவர்கள் காந்தத்தைக் கொண்டுவந்து தகட்டில் ஒட்டிப் பார்ப்பார்கள். ஒட்டாத இடத்தில் உள்ளே இருப்பது புட்டி.

இப்போது மூன்றாவது கட்டம் நடக்கிறது. பழைய உடம்புக்குள் புது எஞ்சின், டிஸ்க் பிறேக், ஏசி எல்லாம் பூட்டிய ‘ரெஸ்டோமொட்’ கார்கள் பெரிய விலைக்குப் போகின்றன. கலிபோர்னியாவில் 1975ஆம் ஆண்டுக்கும் அதற்கு முந்தியதுமான பெற்றோல் கார்களுக்குப் புகைப் பரிசோதனை இல்லை என்பதும் இதற்கு வசதி. ஆக, மாத்துவது குற்றமில்லை என்று சந்தை ஒத்துக்கொண்டுவிட்டது. ஆனால் பெயர்பெற்ற பட்டறை மாத்தியிருக்க வேண்டும், பில் இருக்க வேண்டும்.

சரி, அந்தப் பச்சை மஸ்டாங்கில் கை வைச்சது ஆர்? அது 1968இல் வந்த ‘புல்லிட்’ படத்தில் ஸ்டீவ் மக்குவீன் சான் பிரான்சிஸ்கோ மேட்டுத் தெருக்களில் பறக்கவிட்ட கார். அதை அந்த ஓட்டத்துக்குத் தயார் செய்தவர் மக்ஸ் பல்சௌஸ்கி. பழைய சாமான்களைச் சேர்த்து ஓட்டப்பந்தயக் கார் கட்டிப் பெயரெடுத்த ஹொலிவூட் மெக்கானிக். அதாவது அந்தக் கொட்டில் மரபில் வந்த ஒரு கை. அடியில் ஒட்டியிருந்த இரும்புத் துண்டுகள் கமரா பூட்டுவதற்கானவை. படத்துக்குப் பிறகு கைமாறிய காரை 1974இல் ஒரு குடும்பம் விளம்பரம் பார்த்து வாங்கியது. வீட்டுக்கார அம்மா அதில்தான் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போனார். 1977இல் மக்குவீனே கடிதம் எழுதிக் கேட்டும் அவர்கள் கொடுக்கவில்லை. 1980 அளவில் கிளட்ச் போனது, கார் ஓய்ந்தது. 2018இல்தான் வெளியுலகம் அதைத் திரும்பக் கண்டது.

படத்தில் ஓடிய இரண்டாவது மஸ்டாங்கின் கதை வேறு. அது மெக்சிக்கோவின் பாஹா கலிபோர்னியாவில் துருப்பிடித்துக் கிடந்தது. வாங்கியவர்கள் அதை வேறொரு படத்தில் வந்த காரின் நகலாக மாத்தத் தொடங்கியிருந்தார்கள். 2017இல் இலக்கத்தைச் சரிபார்த்தபோதுதான் அது என்ன கார் என்று தெரியவந்தது. இலக்கத் தகடு அழிந்திருந்தால் அது இன்று இன்னொரு நகல், அவ்வளவுதான்.

ஆகவே சந்தை மாத்தத்தை வெறுக்கவில்லை. பெயரும் கடதாசியும் இல்லாத கையைத்தான் வெறுக்கிறது. கொம்பனி மாத்தினால் மொடல், முகவர் மாத்தினால் அபூர்வம், படத்துக்காக மாத்தினால் வரலாறு, தொழிலாளி மாத்தினால் பழுது. அசல் நிலைக்குக் கொண்டுவருகிறோம் என்று ஒரு காரைச் சுரண்டும்போது போவது பெயின்ற் மட்டும் இல்லை, காசில்லாத ஒரு தலைமுறை எப்படி வாழ்ந்தது என்ற தடயமும்தான்.

அமெரிக்காவில் இப்படி ஒரு காரை நேர்மையாக விக்க நினைப்பவர்கள் கழட்டிய பழைய எஞ்சினையும் பாகங்களையும் எறியாமல் காரோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள். எது எப்போது மாறியது என்று படங்களோடும் பில்களோடும் ஒரு கோவை வைக்கிறார்கள். அது பேரத்துக்கு உதவும், உண்மைதான். ஆனால் அந்தக் கோவையில் பெடியன் செய்த வேலையையும் அவன் பெயரோடு ஒரு வரி எழுதினால், அந்த வேலை பழுதுப் பட்டியலில் இருந்து வரலாற்றுக்குள் வரும்.