காலுக்கேற்ற சக்கரம்

பெரிய சைக்கிளின் சீட் எட்டாத வயதில், பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் அடித்தவர்கள் நம்மில் பலர். இதற்கு நேர் எதிரான தொல்லையும் ஒன்று உண்டு. ஆள் வளர்ந்துவிடுவார், வண்டி வளராது. திருவொற்றியூரிலிருந்து எங்கள் கல்லூரிக்கு வந்த மாணவர் ஒருவர், சிறு வயதில் வாங்கிய வண்டியின் சீட் பைப்பை ஆண்டுதோறும் உயர்த்திக்கொண்டே வந்தார். ஒருநாள் எண்ணூர் விரைவுச் சாலையில் அந்தக் குழாய் வளைந்து அவரைக் கீழே தள்ளிவிட்டது. பின்னால் வந்த கன்டெய்னர் லாரி சரியான நேரத்தில் நின்றதால் பிழைத்தார்.

வண்டிக்கும் காலுக்கும் உள்ள உறவு நூற்றைம்பது ஆண்டுப் பழமையுடையது. 1870இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஜேம்ஸ் ஸ்டார்லியும் வில்லியம் ஹில்மனும் ஏரியல் என்ற வண்டியை உருவாக்கினர். அதில் பெடல்கள் முன்சக்கரத்தின் அச்சிலேயே பொருத்தப்பட்டிருந்தன. பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரமும் ஒரே ஒரு சுற்றுத்தான் சுற்றும். எனவே விரைவாகச் செல்லச் சக்கரம் பெரிதாக வேண்டும். ஆனால் கால் எட்டும் அளவுக்கு மேல் அதைப் பெரிதாக்க இயலாது. சட்டைக்கு அளவெடுப்பதுபோல் காலை அளந்து சக்கரம் வாங்கிய காலம் அது!

இக்கட்டை அவிழ்த்தது சங்கிலி. 1880இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்டு உருளைச் சங்கிலியை உருவாக்கினார். 1885இல் ஸ்டார்லியின் அண்ணன் மகனோ தம்பி மகனோ என்ற உறவினரான ஜான் கெம்ப் ஸ்டார்லி, பின்சக்கரத்தைச் சங்கிலியால் இயக்கும் ரோவர் வண்டியை அமைத்தார். கணக்கிட்டுப் பாருங்கள். முன்பல்சக்கரத்தில் 48 பற்கள், ஃப்ரீவீலில் 18 பற்கள் என்றால், பெடலின் ஒரு சுற்றுக்குச் சக்கரம் 2.67 முறை சுற்றும். 28 அங்குலச் சக்கரம் ஏறத்தாழ 75 அங்குலச் சக்கரத்தின் வேலையைச் செய்யும். ஒரு மிதிக்குச் சுமார் 6 மீட்டர். அவ்வளவு பெரிய சக்கரத்தைச் சாதாரண மனிதக் கால் எட்டாது!

இவ்வரலாற்றில் நம் பகுதிக்கும் தொடர்புண்டு. திருவொற்றியூர் நன்கறிந்த ராயல் என்ஃபீல்டு என்ற பெயர், 1893இல் முதலில் சூட்டப்பட்டது சைக்கிளுக்கே. 1955இல் அந்த நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் இணைந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்க, திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. அதற்கு முன்பே, 1949இல், அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தோன்றியிருந்தது.

சங்கிலி சக்கரத்தைக் காலிலிருந்து விடுவித்தது, ஃபிரேமை விடுவிக்கவில்லை. ஆகவே உங்கள் வண்டியைச் சோதியுங்கள். சீட்டில் அமர்ந்து, கீழே இறங்கிய பெடலில் குதிகாலை வையுங்கள். கால் நேராக நிற்க வேண்டும். முழங்கால் மிகவும் மடங்கினால் சீட்டை உயர்த்தலாம். ஆனால் குழாயில் பொறித்துள்ள எல்லைக் கோடு வெளியே தெரியக் கூடாது. கோடு இல்லையெனில் 6 செ.மீ.யாவது உள்ளே இருக்கட்டும். இது நெம்புகோல் தத்துவம்: வெளியே நீளம் கூடக்கூட வளைக்கும் திருப்புத்திறன் மிகுகிறது, உள்ளே நீளம் குறையக்குறைய அதைத் தாங்கும் இடத்தில் விசை பெருகுகிறது. என் மாணவரின் குழாய் வளைந்தது இதனால்தான்.

ராயபுரம் முதல் எண்ணூர் வரை உப்புக் காற்று வீசுகிறது. ஆண்டுக்கொருமுறை குழாயைக் கழற்றிக் கிரீஸ் தடவாவிட்டால், துரு அதை ஃபிரேமோடு பிணைத்துவிடும்.

எல்லைக் கோடு வரை உயர்த்தியும் வண்டி பொருந்தவில்லையா? விற்றுவிடுங்கள். அதற்கு முன் சங்கிலியின் 24 கண்ணிகளை அளந்து பாருங்கள். புதிதில் சரியாக 12 அங்குலம் இருக்கும். அரைக்கால் அங்குலம் நீண்டிருந்தால் அது தேய்ந்துவிட்டது. அதை வாங்குபவரிடம் மறைக்காதீர்கள். பழைய இரும்புக் கடைக்கு மட்டும் போட்டுவிட வேண்டாம். உங்களுக்குச் சிறிதான வண்டி, இன்று குரங்குப் பெடல் அடித்துக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளைக்குச் சரியான அளவாக இருக்கும்.