முட்டுச்சந்துகள் பெருகியது ஏன்? 1936ஆம் ஆண்டு வெளியீடு ஒன்றின் மறுவாசிப்பு

அமெரிக்கப் புறநகர்களில் தெருக்களின் தொடர்பு அறுந்ததற்குக் காரின் வரவே காரணம் என்ற கருத்து ஆய்வாளர்களிடையே வேரூன்றிவிட்டது. கார் இல்லாமல் நகரம் அவ்வளவு தொலைவு பரவியிருக்காது என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் நகரம் பரவுவது வேறு, தெருக்கள் தொடர்பறுவது வேறு. 1920களில் கார் மலிந்திருந்த லாஸ் ஏஞ்சலிஸில் புதிய மனைகள் பெரும்பாலும் கட்டம் கட்டமாகவே பிரிக்கப்பட்டன.

1934ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவாகி, வீட்டுக் கடன்களுக்குக் காப்புறுதி அளித்த கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம், சிறு வீடுகளுக்கான குடியிருப்புத் திட்டமிடல் பற்றி 1936இல் ஒரு வெளியீடு கொண்டுவந்தது. கட்டத்தெருக்களைக் கைவிட்டு, வளைதெருக்களையும் முட்டுச்சந்துகளையும் அது பரிந்துரைத்தது. 1929இல் ராட்பர்ன் குடியிருப்பில் அதன் வடிவமைப்பாளர்கள் கிளாரன்ஸ் ஸ்டைனும் ஹென்றி ரைட்டும் தொடங்கிய அழகியலின் வாரிசாகவே இதை வாசித்துவந்திருக்கிறார்கள். எனக்கு இது அடமானக் கடனுக்குப் பொறுப்பேற்றவரின் கணக்காகத் தெரிகிறது. கட்டத்தெருவின்மீது அது சுமத்தும் குறைகளைப் பாருங்கள்: தேவைக்கு மேல் சாலை போடும் செலவு, எல்லாத் தெருவிலும் புகுந்து செல்லும் வண்டிகள், சலிப்பூட்டும் ஒரே தோற்றம். வீட்டு மதிப்பில் 80 சதவீதம் வரையான கடனுக்கு 20 ஆண்டுகள் பொறுப்பு நிற்கும் நிறுவனம் அஞ்சவேண்டியவை இவையே.

செலவுக் கணக்கு மட்டும் இதை விளக்கிவிடாது. மன்ஹாட்டனுக்கு 1811இல் கட்டத்தெருக்களை வகுத்த ஆணையர்களும் சிக்கனத்தையே காரணம் காட்டினார்கள். நேர்ச்சுவரும் செங்கோணமும் கொண்ட வீடே கட்ட மலிவு என்றார்கள். வாதம் ஒன்று, வரைபடம் நேரெதிர். வேறுபாடு கணக்கின் எல்லையில் இருப்பதாகக் கருதுகிறேன். ஆணையர்கள் 155ஆம் தெரு வரை ஒரே வீச்சில் வரைந்தார்கள். 1936இல் ஒவ்வொரு மனைப்பிரிவும் தனித்தனியே நிர்வாகத்தின் பரிசீலனைக்கு வந்தது. குறுக்குத் தெரு போடும் செலவு இந்த மனைக்காரருடையது, அதன் பயனில் பெரும்பங்கு பக்கத்து நிலத்துக்கு. தனித்துக் கணக்கிட்டால் முட்டுச்சந்துதான் வெல்லும். முதுகோடு முதுகாக நிற்கும் இரு வீடுகள், நடுவே ஒரு வேலி. ஒரு வீட்டிலிருந்து மற்றதற்குப் போகப் பெருஞ்சாலை வரை சுற்றவேண்டும். தெருக்கள் அறுந்தது இரு மனைப்பிரிவுகள் சந்திக்கும் எல்லையில்தான்.

ஒரே வெளியீட்டால் ஒரு நாட்டின் தெருவமைப்பை விளக்க முடியாது; உள்ளூர் விதிகளுக்கும் பங்குண்டு. வெளியீடு சொன்னது அறிவுரைதானே என்ற மறுப்பு நிற்காது. கடன் காப்புறுதி கிடைக்காத மனைப்பிரிவில் துணிந்து முதல் போடுபவர் எத்தனை பேர்? மக்கள் விரும்பியது அதைத்தான் என்போர், வேறு வகைத் தெரு விற்பனைக்கே வராத காலத்து விருப்பத்தை அளக்கிறார்கள்.

ஒரு சந்தியில் எத்தனை தெருக்கள் கூடுகின்றன என்று ஆண்டுவாரியாக அளந்த அண்மைய ஆய்வுகளில், புதிய தெருக்களின் தொடர்பு 1990களின் நடுப்பகுதி வரை சரிந்து, பிறகு ஏறுகிறது. கார்களோ அதன் பின்னும் பெருகின. காரை மட்டும் காரணமாக்கும் விளக்கம் இந்தத் திருப்பத்துக்கு விடை தராது. விர்ஜீனியா மாநிலம் 2009இல் கணக்கின் எல்லையையே மாற்றியது: பக்கத்து நிலத்தோடு இணைப்புக்கு வழிவிடாத புதிய மனைப்பிரிவுத் தெருக்களை அரசுப் பராமரிப்பில் ஏற்பதில்லை என்று விதி செய்தது.