சென்னையில் நிலப்பயன்பாட்டுச் சட்டமும் மக்கள் நல்வாழ்வும்

சென்னையில் எங்கே வீடு கட்டலாம், எங்கே ஆலை நடத்தலாம், எந்த நீர்நிலையைத் தொடக்கூடாது என்று வகுக்கும் விதிகளுக்கு ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டு வரலாறு உண்டு. முதலில் பீரங்கிக்காகவும், பிறகு காலராவுக்கு அஞ்சியும், அதன்பின் மனைத் தேவைக்காகவும் எழுதப்பட்ட விதிகள் அவை. நகரத்தார் எந்தத் தண்ணீரைக் குடிப்பார்கள், எந்தக் காற்றைச் சுவாசிப்பார்கள், மழைக்காலத்தில் யார் வீட்டுக்குள் வெள்ளம் வரும் என்பதையெல்லாம் இவையே பெருமளவு தீர்மானித்தன.

1746-இல் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றிய சென்னை 1749-இல் ஆங்கிலேயரிடம் திரும்பி வந்தது. கோட்டை மதிலை ஒட்டி உள்ளூர் மக்கள் வாழ்ந்த பழைய கறுப்பர் நகரத்து வீடுகள் எதிரிக்கு மறைவிடமாக உதவும் என்று அஞ்சிய கிழக்கிந்தியக் கம்பெனி நிர்வாகம் அவற்றை இடித்துத் தள்ளியது. வெட்டவெளியாக்கிய அந்த நிலத்தில் எவரும் மீண்டும் கட்டிவிடாதபடி 1773-இல் எல்லைத் தூண்கள் நடப்பட்டன. அவற்றுள் ஒன்று பாரிமுனையில் இன்றும் இருக்கிறது. கட்டடம் கூடாது என்று கோடு கிழித்த இந்த விதிக்கும் சுகாதாரத்துக்கும் தொடர்பில்லை. பழைய கறுப்பர் நகரம் இருந்த அந்த நிலத்தில்தான் 1892-இல் உயர் நீதிமன்றக் கட்டடம் எழுந்தது.

இதைவிட நெடுங்காலம் நீடித்த தாக்கம் வருவாய்த்துறைப் பதிவேடுகளுடையது. நன்செய், புன்செய், நத்தம், புறம்போக்கு என்ற பகுப்பு வரி வசூலுக்காக ஏற்பட்டது. தீர்வை விதிக்கப்படாத பொதுநிலம் புறம்போக்கு. மேய்ச்சல் தரை, ஏரி, ஓடை, சுடுகாடு, கழுவெளி ஆகிய அனைத்தும் அந்த ஒரே தலைப்பின்கீழ் வந்தன. வெள்ளத்தை வாங்கி நிறுத்தி நிலத்தடிக்கு அனுப்பும் சதுப்பு நிலம் அரசுக் கணக்கில் வருமானம் தராத வெற்று நிலமாகவே நின்றது. பிற்காலத்தில் குப்பைமேடும் அனல்மின் நிலையத்துச் சாம்பலும் இத்தகைய நிலங்களைத் தேடிச் சென்றதற்கு இந்தக் கணக்குமுறை ஒரு காரணம்.

சுகாதாரம் நகர நிர்வாகத்தின் பேச்சில் இடம்பெற்றது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில். இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் படையினர் போரைவிட நோயாலேயே அதிகம் மடிந்ததை ஆராய்ந்த அரச ஆணையம் 1863-இல் அறிக்கை தந்தது. மறு ஆண்டு சென்னை மாகாணத்தில் சுகாதார ஆணையம் ஏற்பட்டது. 1865-இல் பொறியாளர் கேப்டன் டல்லக் நகருக்கான கழிவுநீர்த் திட்டத்தை வரைந்தார். ஆனால் முதலில் வந்தது குடிநீர். 1872-இல் செங்குன்றம் ஏரித் தண்ணீர் திறந்த கால்வாய் வழியாகக் கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. அதை வடிகட்டும் மணல் படுகைகள் 1914-இல்தான் அமைந்தன. இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில் கால்வாயில் விழுந்தது எதுவோ அதுவும் குழாயில் வந்தது.

மாநகராட்சிச் சட்டங்கள் தோல் பதனிடுதல் போன்ற நாற்றமும் தொல்லையும் தரும் தொழில்களை உரிமத்தின்கீழ் கொண்டுவந்தன. அத்தகைய தொழில்கள் பல்லாவரம், மாதவரம் என நகர எல்லைக்கு வெளியே வளர்ந்தன. குரோம்பேட்டை என்ற பெயரே அங்கிருந்த குரோம் தோல் ஆலையால் வந்தது. கழிவுநீர்ப் பண்ணையும் பின்னாளில் குப்பைமேடும் வடக்கே கொடுங்கையூரில் அமைந்தன. தொல்லையை எல்லைக்கு வெளியே தள்ளிவிட்டால் போதும் என்பது அக்கால எண்ணம். எல்லை நகர்ந்துகொண்டே போகும் என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

நகரமைப்பு ஒரு தனித் துறையாக உருவெடுத்ததில் ஸ்காட்லாந்து அறிஞர் பேட்ரிக் கெடிஸுக்குப் பங்குண்டு. ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பில் அவர் 1914-இல் இந்தியா வந்தார். அவருடைய நகரமைப்புக் கண்காட்சிப் பொருள்களை ஏற்றிவந்த கப்பலை, சென்னைமீது குண்டு வீசிய அதே ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் மூழ்கடித்தது. வேறு பொருள்களைத் திரட்டி 1915-இல் சென்னையில் கண்காட்சி நடந்தது. மாகாணத்து ஊர்களைச் சுற்றிப் பார்த்து அவர் எழுதிய அறிக்கைகளில் இரண்டு கருத்துகள் முக்கியமானவை. நெரிசலான தெருக்களை மொத்தமாக இடிக்காமல், தேவையான இடத்தில் மட்டும் சிறு மாற்றம் செய்து காற்றும் வெளிச்சமும் புகவிட வேண்டும் என்றார். மலேரியாவுக்கு அஞ்சிக் குளங்களைத் தூர்ப்பதையும் எதிர்த்தார்: குளம் ஊரைக் குளிர்விக்கிறது, கொசுப் புழுவை மீனும் வாத்தும் பார்த்துக்கொள்ளும். சுகாதாரப் பொறியாளர்களுக்கு இந்த வாதம் ரசிக்கவில்லை.

சென்னை நகரமைப்புச் சட்டம் 1920-இல் நிறைவேறியது. இந்தியாவில் பம்பாய்ச் சட்டத்துக்கு (1915) அடுத்து வந்த தொடக்ககாலச் சட்டங்களுள் இது ஒன்று. தெருவின் அகலம், திறந்தவெளி, கட்டடங்களுக்கிடையே இடைவெளி ஆகியவற்றை வரைபடமாக வகுத்து ஊர்ப்பகுதிகளை அமைக்க இது வழிசெய்தது. ஆனால் இக்காலத்தின் மிகப் பெரிய திட்டமான மாம்பலம் குடியிருப்பு, கெடிஸ் சொன்னதற்கு நேர்மாறாக, 1923-இல் மாம்பலத்துப் பெரிய ஏரியை வடித்து உண்டானது. சர் பிட்டி தியாகராயரின் பெயர் தாங்கிய தியாகராய நகர் அகன்ற தெருக்களும் நடுவே பனகல் பூங்காவுமாக எழுந்தது. ரயில் பாதைக்கு மறுபக்கம் திட்டத்துக்குள் அடங்காமல் தானாக வளர்ந்த மேற்கு மாம்பலமோ நெடுங்காலம் கொசுவுக்கும் யானைக்கால் நோய்க்கும் பேர்போனதாக இருந்தது. அங்கே ஏரி இப்போது ஒரு சாலையின் பெயரில் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

1939-இல் நிறைவேறிய சென்னைப் பொது சுகாதாரச் சட்டம், இந்திய மாகாணங்களில் அவ்வகையில் முதலாவது விரிவான சட்டம். குடிநீர், வடிகால், தொல்லைகளை அகற்றுதல், கொசு ஒழிப்பு, தொற்றுநோய், திருவிழாக் கூட்டம் எனப் பலவற்றை அது ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்தது. சுகாதார அலுவலருக்கு நோட்டீஸ் கொடுக்கவும் மூடச் சொல்லவும் அதிகாரம் கிடைத்தது. ஆனால் ஆலை எங்கே அமைய வேண்டும் என்று முன்கூட்டித் தீர்மானிக்கும் அதிகாரம் வேறு சட்டத்திடம், வேறு அலுவலகத்திடம் இருந்தது. நோய் வந்தபின் ஒருவர் வருவார், நோய்க்கு இடம் ஒதுக்கியவர் வேறொருவர். இந்தப் பிளவு பின்வந்த சட்டங்களிலும் நீடித்தது. நகரமைப்பு வீட்டுவசதித் துறையின்கீழும், சுகாதாரம் மக்கள் நல்வாழ்வுத் துறையின்கீழும் இயங்கின. 1982-இல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மூன்றாவது வாசலாகச் சேர்ந்தது.

1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. பெருநகர வளர்ச்சிக் குழுமம் 1972-இல் தோன்றி, 1974-இல் சட்டத் தகுதி பெற்றது. 1,189 சதுர கிலோமீட்டர் பரப்புக்கான முதல் முழுமைத் திட்டம் 1975-இல் ஒப்புதல் பெற்றது. குடியிருப்பு, வணிகம், தொழில், வேளாண்மை என்று நிலம் முழுவதும் வண்ணம் தீட்டிப் பிரிக்கப்பட்டது. அபாயகரமான தொழில்களுக்கென்று தனி மண்டலமும் உண்டு. மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1969-இலேயே இயங்கத் தொடங்கியிருந்தது. எண்ணூரில் அனல்மின் நிலையம் 1970-இல் வந்தது. திட்டம் அங்கே இருந்ததை உறுதிப்படுத்தி மேலும் ஆலைகளுக்கு வழிவிட்டது. மண்டலப் பகுப்பின் தர்க்கப்படி இது சரி: ஆபத்தை ஓரிடத்தில் சேர்த்தால் மற்ற இடங்கள் பிழைக்கும். அந்த ஓரிடத்தில் ஏற்கெனவே மீனவர் குப்பங்களும் தொழிலாளர் குடியிருப்புகளும் இருந்தன. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-இல் வெளியிட்ட மதிப்பீட்டில் நாட்டின் மிகக் கடுமையாக மாசுபட்ட 43 தொழிற்பகுதிகளில் மணலியும் இடம்பெற்றது.

குடிநீர் விஷயத்தில் சென்னையின் விதிகள் கூடுதல் அக்கறை காட்டின. செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதியும், திருவான்மியூருக்குத் தெற்கே கடலோர மணலில் அமைந்த நிலத்தடி நீர்ச் செறிவுப் பகுதியும் கட்டுமானம் மட்டுப்படுத்தப்பட்ட இடங்களாயின. 1987-இல் பெருநகருக்கென நிலத்தடிநீர் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. 2003-இல் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. திட்ட அனுமதிக் கடிதத்தில் மேல்நிலைத் தொட்டிக்கும் கிணற்றுக்கும் கொசு புகாத மூடி வேண்டும் என்றொரு நிபந்தனையும் இருக்கும். நகர மலேரியாவைப் பரப்பும் கொசு தெளிந்த நீருள்ள தொட்டியிலும் கிணற்றிலும் முட்டையிடுவதால், கட்டட விதிப்புத்தகத்தில் உள்ள உருப்படியான மருத்துவ வரி இதுவே எனலாம்.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு அந்த அக்கறை தாமதமாகவே கிட்டியது. தென்சென்னையின் ஏரிகளிலிருந்து வழியும் நீரை வாங்கி ஒக்கியம் மடுவு வழியாகக் கடலுக்கு அனுப்பும் இக்கழுவெளி, பெருமளவு சுருங்கியது. பெருங்குடி குப்பைமேடு அதன் வடபகுதியில் ஏறியது. பழைய மகாபலிபுரம் சாலையின் தகவல் தொழில்நுட்ப வளாகங்களும் அடுக்குமாடிகளும் சூழ்ந்தன. 2007-இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் சுமார் 1,248 ஹெக்டேர் பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக, ராம்சார் தலமானது.

விதி இருந்தும் விலக்கு அதைவிட வலுவாக இருந்தது. 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 113-ஆம் பிரிவு அரசுக்கு விலக்கு அளிக்கும் அதிகாரம் தருகிறது. அதன்படி பிறப்பித்த 62 அரசாணைகளை உச்ச நீதிமன்றம் 2000-இல் ரத்து செய்தது. பிரிவு செல்லும், கண்மூடித்தனமாகப் பயன்படுத்தியது செல்லாது என்பது தீர்ப்பின் சாரம். 1998-இல் சேர்ந்த 113-ஏ பிரிவு, கட்டணம் பெற்று விதிமீறல் கட்டடங்களை வரன்முறைப்படுத்த அனுமதித்தது. ஒருமுறை மட்டும் என்று தொடங்கியது பலமுறை நீட்டிக்கப்பட்டது. 2006-இல் உயர் நீதிமன்றம் அந்த நீட்டிப்புகளை ரத்து செய்தது. இப்படி மீறப்படும் விதிகளுள் ஒன்றான, கட்டடத்தின் பக்கங்களில் விட வேண்டிய திறவிடம் என்பது தீயணைப்பு வண்டி சுற்றிவர வேண்டிய வழி. 2017-இல் தியாகராய நகரில் பல மாடி ஜவுளிக்கடை ஒன்று தீப்பற்றியபோது உஸ்மான் சாலை அதன் பொருளை உணர்ந்தது.

தொழிற்சாலைக்கும் நீருக்கும் இடையே தூரம் வகுத்த விதிக்குத் தமிழ்நாட்டிலிருந்தே தேசிய முக்கியத்துவம் கிடைத்தது. குறிப்பிட்ட ஆறு, ஏரிகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் கடுமையாக மாசுபடுத்தும் ஆலைகள் கூடாது என்றது 1989-ஆம் ஆண்டின் 213-ஆம் எண் அரசாணை. பாலாற்றுப் படுகைத் தோல் ஆலைகள் குறித்த வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் அந்த ஆணையை நிறைவேற்றச் சொன்னது. முன்னெச்சரிக்கைக் கொள்கையையும், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. சென்னை உயர் நீதிமன்றத்தில் பசுமை அமர்வு அமைந்ததும் இத்தீர்ப்பின் விளைவு.

நீர்நிலைகளைக் காக்கும் சட்டம் ஏழைகள்மீது பாய்ந்த விதம் தனியே கவனிக்கத்தக்கது. 1970-இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் முதலில் பெரும்பாலும் குடிசைகள் இருந்த இடத்திலேயே அடுக்குவீடு கட்டியது. 2000-க்குப் பிறகு கூவம், அடையாறு கரைகளில் ‘ஆட்சேபணையுள்ள புறம்போக்கில்’ வாழ்ந்தவர்கள் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் போன்ற தொலைவிடங்களுக்கு அனுப்பப்பட்டனர். வேலைக்கும் பெரிய அரசு மருத்துவமனைக்கும் நெடுந்தூரம். வெள்ள ஆபத்திலிருந்து மீட்பதாகச் சொல்லிக் கொண்டுபோன இடமோ பள்ளிக்கரணைக்கு நீர் வழியும் தாழ்நிலம். செம்மஞ்சேரியில் மழைக்காலத்தில் தண்ணீர் தேங்குவது வழக்கமாயிற்று.

2008-இல் நடைமுறைக்கு வந்த இரண்டாம் முழுமைத் திட்டம் 2026 வரைக்குமானது. அது நடப்பிலிருந்தபோதே 2015-ஆம் ஆண்டு வெள்ளம் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு மணலி சுத்திகரிப்பு ஆலை வளாகத்திலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகத்தில் பரவி மீனவர் வலைகளையும் படகுகளையும் பாழாக்கியது. அதே மாத இறுதியில் பெரியகுப்பம் அருகே உர ஆலைக்கான கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, நள்ளிரவில் மக்கள் வீடுகளைவிட்டு ஓடினர். இதற்கிடையே 2022-இல் பெருநகரப் பகுதி 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. மூன்றாம் முழுமைத் திட்டத்துக்கான பணியும் தொடங்கியது. காஞ்சிபுரம், திருவள்ளூர், செங்கல்பட்டு, ராணிப்பேட்டை மாவட்டங்களின் ஏரிகளும் வரத்துக் கால்வாய்களும் பெரும் எண்ணிக்கையில் இப்போது பெருநகரப் பகுதியின் வரைபடத்துக்குள் வந்திருக்கின்றன.