ஓய்வு பெற்ற சம்பியன் திரும்பி வந்தால் வெல்வாரா?

கார்ப் பந்தயம் பார்க்கிற இரண்டு பேர் ஒன்றாக இருந்தால் இந்தக் கதை எப்படியும் வந்துவிடும். "ஷூமாக்கர் சும்மா திரும்பி வந்து உள்ள பேரையும் கெடுத்துக்கிட்டார்" என்பார் ஒருவர். "அந்தக் காலத்துச் சம்பியன்கள்ட கையில இப்ப உள்ள காரைக் குடுத்துப் பாருங்க, இந்தப் பொடியன்கள் கிட்டவும் வரமாட்டானுகள்" என்பார் மற்றவர். இரண்டு பேரும் சத்தமாகப் பேசுவார்கள். ஆதாரம் இரண்டு பேரிடமும் இருக்காது.

வரலாறு படிப்பிக்கிறவனுக்கு இது நல்ல கேள்வி. ஏனென்றால் இதற்குக் கற்பனையில் விடை தேடத் தேவையில்லை. ஓய்வு பெற்றுவிட்டுத் திரும்பி வந்தவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் எடுத்த புள்ளிகள் பதிவில் இருக்கின்றன. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் அளவுகோலைச் சரிசெய்வோம். ஃபோர்மியுலா வன் பந்தயத்தில் எல்லாருக்கும் ஒரே கார் இல்லை. ஒவ்வோர் அணியும் தன் காரைத் தானே செய்கிறது. ஓர் அணிக்கு இரண்டு சாரதிகள். நல்ல கார் கிடைத்தவர் வெல்வது, இலேசான வினாத்தாள் கிடைத்த பிள்ளை 90 எடுப்பது போன்றது. அதனால் ஒரே வினாத்தாளை எழுதிய இரண்டு பேரின், அதாவது ஒரே அணியில் ஒரே காரை ஓட்டிய இரண்டு பேரின் புள்ளிகளைத்தான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மற்றதெல்லாம் பொழுதுபோக்கு.

"வயசு போனா முடியாது" என்ற பேச்சையும் ஒரு பக்கம் வைப்போம். ஆர்ஜென்டினாவின் ஹுவான் மனுவெல் ஃபாஞ்சியோ ஐந்தாவது தடவை உலக சம்பியன் ஆனது 1957 இல். அப்போது அவருக்கு 46 வயது. அந்த வருடம் ஜேர்மனியின் நூர்பேர்க்ரிங்கில், டயர் மாற்றவும் பெற்றோல் நிரப்பவும் நின்றதில் பின்னுக்குப் போனவர், சுற்றுச் சாதனையைத் திரும்பத் திரும்ப உடைத்துக்கொண்டு வந்து, 28 வயது ஹோதோர்னையும் 25 வயது கொலின்ஸையும் பிடித்து வென்றார். அந்தக் காலத்துக் காரும் போட்டியும் வேறுதான். ஆனால் அவர் இடையில் ஓட்டத்தை நிறுத்தவில்லை. நம்முடைய கேள்வி நிறுத்திவிட்டு வந்தவர்களைப் பற்றியது.

அதில் முதலில் பார்க்க வேண்டியவர் ஒஸ்திரியாவின் நிக்கி லவுடா. 1975 இல் சம்பியன். 1976 ஓகஸ்ட் முதலாம் திகதி, அதே நூர்பேர்க்ரிங்கில் அவருடைய ஃபெராரி தீப்பிடித்தது. முகம் வெந்தது, நச்சுப் புகை நுரையீரலுக்குள் போனது. பிழைக்கமாட்டார் என்று நினைத்து வைத்தியசாலைக்குப் பாதிரியாரும் வந்துவிட்டார். ஆறு கிழமையில் காயம் ஆறாத தலையோடு மொன்சாவில் ஓட்டி நான்காவதாக வந்தார். 1977 இல் மறுபடி சம்பியன். பிறகு 1979 இல் கனடாவில், பயிற்சி ஓட்டத்தின் நடுவிலேயே காரை நிறுத்திவிட்டு இறங்கினார். வட்டத்தில் சுற்றிச் சுற்றி ஓடுவது அலுத்துப்போனது என்றார். சொந்தமாக ஒரு விமான நிறுவனம் தொடங்கினார்.

இரண்டு வருடம் பந்தயமே இல்லை. 1981 இல் மக்லாரன் அணி இங்கிலாந்தின் டோனிங்டனில் அவருக்கு ஒரு பரீட்சார்த்த ஓட்டம் கொடுத்தபோது, தொடர்ந்து ஓட்ட முடியாமல் களைத்துப்போனார். உடம்பைத் தேற்றிக்கொண்டு 1982 இல் வந்தார். வந்த முதல் போட்டி தென்னாபிரிக்காவில். அங்கே செய்த முதல் வேலை வேலைநிறுத்தம்! சாரதிகளுக்குக் கொடுத்த புதிய அனுமதிப்பத்திரப் படிவத்தில் அவர்களை அணிகளோடு கட்டிப்போடும் வாசகங்கள் இருப்பதைக் கண்டுபிடித்தவர் அவர்தான். எல்லாரையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய் ஒரு ஹோட்டலில் ஒன்றாகத் தங்கவைத்தார்கள். படிவத்தை ஆறுதலாக வாசிக்கிற பழக்கம் வயதோடுதான் வரும் போலும்.

மூன்றாவது போட்டியிலேயே, அமெரிக்காவின் லோங் பீச்சில், லவுடா வென்றுவிட்டார். எல்லாரும் இந்த வெற்றியைத்தான் சொல்வார்கள். ஆனால் நம் அளவுகோலை வைத்துப் பாருங்கள். அந்த வருடம் அதே காரில் ஓடிய ஜோன் வொட்சன் 39 புள்ளி, லவுடா 30. அடுத்த வருடம் 1983 இல் வொட்சன் 22, லவுடா 12, ஒரு வெற்றிகூட இல்லை. வொட்சன் உலக சம்பியன் ஆகாதவர். 1983 கடைசியில் யாராவது தீர்ப்பு எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பார்கள்? "மனுசன் முடிஞ்சுபோனார்" என்றுதான்.

1984 இல் வொட்சனின் இடத்துக்கு பிரான்ஸின் அலன் புரொஸ்ட் வந்தார். வயது 29. லவுடாவுக்கு 35. ஒரு தனிச் சுற்றின் வேகத்தில் இரண்டு பேருக்கும் ஒப்பீடே இல்லை. தகுதிகாண் ஓட்டங்களில் வருடம் முழுக்க ஏறக்குறைய எப்போதும் புரொஸ்ட்தான் முன்னால். லவுடா அதை ஏற்றுக்கொண்டார், அந்தப் போட்டிக்கே போகவில்லை. காரைச் சனிக்கிழமைக்காக அல்லாமல் ஞாயிற்றுக்கிழமைக்காகத் தயார் செய்தார்.

இதற்கு அந்த வருடச் சட்டம் உதவியது. 1984 இல் பந்தயத்தின் நடுவில் பெற்றோல் நிரப்பத் தடை. ஒரு காருக்கு 220 லீற்றர், அதற்குள் முடிக்க வேண்டும். டேர்போ எஞ்சின்களோ பெற்றோலைக் குடித்துத் தள்ளும். முன்னால் பறந்தவர்கள் கடைசிச் சுற்றுகளில் வழியில் நின்றார்கள். எப்போது மிதிப்பது, எப்போது விடுவது என்ற கணக்குத் தெரிந்தவருக்கு அந்தச் சட்டம் ஒரு வரம்.

சொந்த நாட்டில், ஒஸ்திரியப் போட்டியில், முன்னால் ஓடிக்கொண்டிருக்கும்போது அவருடைய கியர் உடைந்தது. மிச்சமிருந்த கியர்களை வைத்துச் சமாளித்து ஓட்டினார். பின்னால் வந்த நெல்சன் பிக்கேக்கு அது தெரியாது, லவுடா காரைப் பத்திரமாக மெதுவாக ஓட்டுகிறார் என்று நினைத்துவிட்டார். வெற்றி லவுடாவுக்கு. எனக்கு அவருடைய எல்லாப் போட்டிகளிலும் பிடித்தது இதுதான்.

வருட முடிவில் புரொஸ்ட் ஏழு வெற்றி, லவுடா ஐந்து வெற்றி. புள்ளியோ லவுடா 72, புரொஸ்ட் 71.5. அரைப் புள்ளியில் மூன்றாவது உலக சம்பியன் பட்டம். அந்த அரை எங்கிருந்து வந்தது? மோனாக்கோவில் கடும் மழையால் போட்டி பாதியில் நிறுத்தப்பட்டு, புள்ளியும் பாதியாகக் கொடுக்கப்பட்டது. முன்னால் நின்ற புரொஸ்டுக்கு 9 க்குப் பதிலாக 4.5. போட்டி முழுதாக ஓடி அவர் இரண்டாவதாக வந்திருந்தாலும் 6 கிடைத்திருக்கும், பட்டமும் கிடைத்திருக்கும். போர்த்துக்கலில் நடந்த கடைசிப் போட்டியிலும், முன்னால் போன மன்செலின் பிரேக் பழுதானதால்தான் லவுடாவுக்குத் தேவையான இரண்டாம் இடம் கைக்கு வந்தது. அதிர்ஷ்டம் இருந்தது, மறைக்கத் தேவையில்லை. 11 ஆவது இடத்திலிருந்து புறப்பட்டு மூன்றாவது இடம் வரைக்கும் வந்து நின்றவருக்குத்தான் அந்த அதிர்ஷ்டம் பயன்பட்டது.

இனி ஷூமாக்கர். ஏழு பட்டம், 91 வெற்றி, 2006 கடைசியில் ஓய்வு. 2009 இல் மசா காயப்பட்டபோது ஃபெராரிக்காகத் திரும்பி வர முயன்றார். அந்த வருட ஆரம்பத்தில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்ததில் கழுத்தில் பட்ட காயம் விடவில்லை. அவருக்குப் பதிலாக ஃபெராரியின் பரிசோதனைச் சாரதி லூக்கா படோயர் ஓட்டினார். இந்தப் படோயரின் கதையை யாரும் கவனிப்பதில்லை. வருடக்கணக்காக ஃபெராரி கார்களைப் பரிசோதித்தவர், ஆனால் பத்து வருடமாகப் பந்தயம் ஓடாதவர். இரண்டு போட்டிகளிலும் கடைசி இடத்திலிருந்து புறப்பட்டார். அவற்றில் இரண்டாவதில், பெல்ஜியத்தில், அதே ஃபெராரியில் ரைக்கோனென் வென்றார். பந்தயத்தை விட்டு இருந்த காலம் ஒரு மனிதனிடமிருந்து என்ன எடுத்துவிடும் என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டுமா?

2010 இல் 41 வயதில் ஷூமாக்கர் மெர்சிடிஸில் வந்தார். பக்கத்துக் காரில் நிகோ ரோஸ்பேர்க், அதுவரை ஒரு போட்டியும் வெல்லாதவர். முதல் வருடம் ரோஸ்பேர்க் 142, ஷூமாக்கர் 72. உலகமே சிரித்தது. இரண்டாம் வருடம் 89 க்கு 76. மூன்றாம் வருடம் 93 க்கு 49.

அவருடைய பழைய வெற்றிகளின் அடித்தளம் என்ன என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஃபெராரியின் சொந்தப் பாதையான ஃபியரானோவில் நாள்கணக்காக ஓட்டி ஓட்டிக் காரைத் தன் கைக்கு ஏற்றபடி மாற்றுவார். டயர் கம்பனியும் அந்த அணியோடு நெருக்கமாக வேலை செய்தது. 2009 இலிருந்து பருவத்தின் நடுவில் பரிசோதனை ஓட்டம் தடை. டயர் எல்லாருக்கும் ஒன்று. 2010 இல் முன் டயரின் அகலத்தையும் குறைத்துவிட்டார்கள். லவுடாவுக்குச் சட்டம் வழிவிட்டது, ஷூமாக்கருக்கு அதே சட்டம் ஏணியை எடுத்துவிட்டது.

2012 இன் 49 புள்ளியையும் அப்படியே எடுக்காதீர்கள். அந்த வருடம் அவருடைய கார் திரும்பத் திரும்ப நின்றது. சீனாவில் சில்லு சரியாகப் பூட்டப்படவில்லை, கனடாவில் பின் இறக்கை திறந்தபடி இறுகிவிட்டது. மோனாக்கோவில், இரண்டு பக்கமும் தடுப்பு உரசுகிற அந்த ஒடுங்கிய வீதியில், தகுதிகாண் ஓட்டத்தில் எல்லாரையும்விட வேகமான சுற்று 43 வயது ஷூமாக்கருடையது. முந்திய போட்டியில் புரூனோ செனாவை மோதியதற்கான தண்டனையால் ஐந்து இடம் பின்தள்ளப்பட்டார். அந்தப் போட்டியிலும் கார் முடிவு வரை வரவில்லை. கண்ணும் கையும் போய்விட்டன என்கிறவர்கள் அந்த ஒரு சுற்றுக்கு விளக்கம் சொல்ல வேண்டும்.

ஸ்பெயினின் அலோன்சோவும் 2018 முடிவில் விலகி 2021 இல் வந்தவர்தான். இடையில் அவர் சும்மா இருக்கவில்லை. லே மான்ஸ் 24 மணித்தியாலப் போட்டி, டக்கார் பாலைவனப் போட்டி என்று ஓடிக்கொண்டே இருந்தார். 2023 இல், 42 வயதை எட்டிய வருடத்தில், எட்டுத் தடவை முதல் மூன்று இடங்களுக்குள் வந்தார். புள்ளி 206. அதே காரில் ஓடிய இளைஞர் ஸ்ட்ரோல் 74.

ஆகவே என் முடிவு இது: பந்தயத்தை விட்டுப் போனவர் தன் காலத்து வேகத்தை அப்படியே கொண்டுவருவார் என்பதற்குப் பதிவில் இடமில்லை. ஆனால் இரண்டு மூன்று வருடம் பொறுத்தால், அந்த வருடச் சட்டம் அவருடைய கைக்கு ஒத்துவந்தால், தன்னைவிட வேகமானவரையும் ஒரு வருடக் கணக்கில் வெல்லலாம். லவுடா வென்றார். ஷூமாக்கர் மூன்றாம் வருடத்தில் வேகத்தைத் தேடிப் பிடித்தார், அதைப் புள்ளியாக்க அந்தக் காரால் முடியவில்லை.

அவர் அசிங்கப்பட்டார் என்ற தீர்ப்புத்தான் எனக்கு உறுத்துகிறது. 2013 டிசெம்பரில் பனிச்சறுக்கு விபத்தில் தலையில் அடிபட்டதன் பிறகு அவர் பொதுவெளிக்கு வரவில்லை, வந்து பதில் சொல்லவும் போவதில்லை. 2010 இல் உலகம் அவரை அளந்த கோல் ரோஸ்பேர்க். அந்தக் கோலின் நீளம் என்ன என்று அன்றைக்கு யாருக்குமே தெரியாது. 2016 இல், அதே மெர்சிடிஸில், லூயிஸ் ஹமில்டனை 385 க்கு 380 என்ற கணக்கில் தோற்கடித்து ரோஸ்பேர்க் உலக சம்பியன் ஆனார். ஐந்தாவது நாள் ஓய்வை அறிவித்தார், வயது 31. அதன் பிறகு அவர் ஃபோர்மியுலா வன் பந்தயத்துக்குத் திரும்பி வரவே இல்லை.